கடைசிப் பேருந்து இரண்டு பத்துக்கு

செவ்வாய்க்கிழமைப் போட்டியின் கால அட்டவணையை
நான்தான் எழுதுகிறேன்,
செப் நகரின் விளிம்பில்,
பெட்ரோல் பங்குக்கும் வியட்நாமியர் சந்தைக்கும் நடுவே
ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில்.

நாற்பது பேர். எல்லோர் முன்னும் ஒரே உயரத்தில் சில்லுகள்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
கடிகாரம் கூவும், பிளைண்ட் ஏறும்.
சும்மா உட்கார்ந்திருப்பதற்கான வாடகை அது.
நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பவனை
கரையான் புத்தகத்தைத் தின்பதுபோல்
அட்டையை விட்டுவிட்டு உள்ளே தின்னும்.

ஏன் பதினைந்து என்று கேட்பார்கள்.
திறமைக்கு இவ்வளவு, அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு என்று
நான் தராசு பிடித்ததாக நினைப்பு.
எல்லைக்கு அப்பால் போகும் கடைசிப் பேருந்து
இரண்டு பத்துக்கு.
அவ்வளவுதான்.
பின்னாலிருந்து கழித்துக்கொண்டே வந்தேன்,
பதினைந்து வந்து நின்றது.
இந்த மேசைகளில் அதிர்ஷ்டம் எத்தனை படி என்பதை
ஓட்டுநர் ரூடிகர் அளந்து போடுகிறார்;
அவருக்கே தெரியாது.

பிப்ரவரியில் ஓர் இரவு பனி கொட்டியது,
பேருந்து வரவில்லை.
ஏழு பேர் மிச்சம். விடியும்வரை போக இடமில்லை.
"மணிக்கு ஒருமுறை ஏற்றலாமே" என்றாள் ஹுயென்.
சந்தையில் காலணி விற்பவள்.
பாதத்தைப் பார்த்து அளவு சொல்வாள்,
முகத்தைப் பார்த்துச் சீட்டு.

எல்லோரும் ஒப்பினால்தான் மாற்றுவேன் என்றேன்.
ஆறு கைகள் உயர்ந்தன.
ஓல்ட்ரிஹ் மட்டும் சில்லுகளை அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார்.
கொதிகலன் பழுதுபார்ப்பவர்.
அன்றைக்கு மேசையிலேயே பெரிய குவியல் அவருடையது.
"நேரம் நீண்டால்" என்றார்,
"நான் யாரென்று தெரிந்துவிடும்."
சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே
கையைத் தூக்கினார்.

பிறகு கூடம் மெதுவானது.

மற்ற நாட்களில் ஏதோ ஒரு கட்டத்தில்
இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு
நாணயம் சுண்டியவன்போல் நிமிர்ந்து பார்ப்பார்.
பாதி நாள் பலிக்கும்.
இன்று தள்ளவேண்டிய அவசரமே இல்லை.
ஒவ்வொரு கைக்கும் யோசிக்க நேரம்,
ஒவ்வொரு யோசனையிலும் சிறு கசிவு.
நல்ல சீட்டு வந்தால் மூக்கைத் தொட்டார்; ஹுயென் விலகிக்கொண்டாள்.
பொய்க்குத் தொடவில்லை; ஹுயென் துணிந்து சில்லைப் போட்டாள்.
சுவருக்குள் ஓடும் குழாயின் ஒழுகலைக்
காதுவைத்தே கண்டுபிடிக்கிற மனிதர்.

ஐந்தரைக்கு அவருடைய கடைசிச் சில்லும் போனது.
துரோகம் செய்த சீட்டு என்று ஒன்றில்லை.
வழக்கமாக வாசல்வரை சொல்லிக்கொண்டு போவார்,
"முடியும் நேரத்தில் ராணி வந்து கெடுத்தாள் பார்!"
அன்று எந்த ராணியும் வரவில்லை.
கோட்டின் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு
பனிக்குள் இறங்கினார்.

ஹுயென் வென்றாள். குறை சொல்ல முடியாத வெற்றி.
பணத்தை எண்ணும்போது அவள் தலை நிமிரவில்லை.

அடுத்த மூன்று செவ்வாயும் அவர் நாற்காலியில் வேறு யாரோ.
நீண்ட மணிகள்தான் நேர்மையானவை என்று
பயிற்சியில் கற்றவள் நான்; இப்போதும் மறுக்கவில்லை.
தகுதியுள்ளவர் வெல்லட்டும்.
ஆனால் தோற்பவருக்கு ஒதுங்க ஒரு தாழ்வாரம்,
பழி போட ஒரு ராணி?
அதை எந்த அட்டவணையில் எழுதுவது?

நான்காம் செவ்வாய். காலணியில் பனிச்சேறு,
கதவைப் பாதி திறந்து நிற்கிறார்.
"இன்றைக்குப் பேருந்து ஓடுகிறதா?"

அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

"ஓடுகிறது" என்றேன்.

சுருட்டிய தாள்களை மேசைமேல் வைத்து
ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.