இரண்டரைக்கு மூன்றரை

கண்ணாடிக் கடைக்கு வில்லைகள் வருகிற பெட்டி
நல்ல அட்டை.
வண்ணம் குடிக்கும், ஊதாது.
கடை சாத்தியபின் அதை வெட்டுவேன்:
அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை.
ஒரு நூல் கூடக்கூடாது என்பது
எங்கள் முதல் சட்டம்.
விற்கக்கூடாது என்பது இரண்டாவது.
மூன்றாவது போட யாருக்கும் நேரமில்லை.

ஃபஹாஹீல் கடற்கரை சிமெண்ட் பெஞ்சில்
வெள்ளி மாலை கூடுவோம்
சீட்டாடுகிறவர்கள் மாதிரி.
டம்பர் கதவுகள் மட்டுமே வரைவான்.
அவன் காவல் காக்கும் கட்டடத்தில் முப்பத்தாறு கதவு,
பதினொன்று முடித்திருக்கிறான்.
மாரிவிக் நகப்பூச்சில் மீன் செய்வாள்,
வெயிலில் பிடித்தால் செதிலுக்கொன்றாக
நம் முகம் தெரியும்.
நிலுகா வருவதில்லை,
அவள் வேலைபார்க்கும் வீட்டில் வெள்ளிதான் விருந்து.
குப்பூஸ் வாங்க வரும்போது
ரொட்டிக்கடை ஈரானியரிடம் கொடுத்துவிட்டுப் போவாள்,
மாவு அப்பிய கவரில்
பொத்தான் கண் தைத்த யானை.
அவளை நான் பார்த்ததில்லை.
அவள் யானைகள் என்னிடம் ஏழு,
என் ஏசிகள் அவளிடம் ஏழு.
கணக்கு நேர்.

ஆமாம், ஏசி.
பின்சுவர்களில் தொங்குகிற பெட்டிகள்,
துருப்பிடித்த தாங்கி, மேலே ஒரு புறா, கீழே சொட்டு.
சொட்டுக்கு மட்டும் வெள்ளை மை.

அறையில் ஆறு பேர், அலமாரி ஒன்று.
ஆகவே நல்ல அட்டை பர்சில் இருக்கும்,
சிவில் ஐடிக்கு முன்னால்,
அதைவிட நகத்தளவு பெரிதாய்
தலை நீட்டிக்கொண்டு.

மங்கஃப் ரவுண்டானாவில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
ஆகஸ்ட், இரவு பத்து.
எல்லோரும் இறங்கு, எல்லோரும் ஐடி.
வியர்த்த விரலுக்கு எது அகப்பட்டதோ
அதை நீட்டினேன்.

டார்ச் புறாவின்மேல் நின்றது.
"ஷினு ஹாதா?"
ஏசி, என்றேன். அனா சவ்வி.
திருப்பினார். பின்பக்கம்
அற்புதராஜ், தேதி, ஏழில் மூன்று.
இது எழுத்தா, இதுவும் படமா?
எழுத்துதான் சார், என் பேர்.
மீசை சரியாக முளைக்காத போலீஸ்காரர்.
எவ்வளவு என்று கேட்டார்.
காசு இல்லை, அட்டைக்கு அட்டை.
பரிமாற்றத்துக்கு அரபியில் சொல் தெரியாமல்
இரு மணிக்கட்டையும் குறுக்கே வைத்துக் காட்டினேன்.
விலங்கு மாட்டச் சொன்னதுபோல் இருந்திருக்கும்.

அவர் சிரிக்கவில்லை.
அபராதப் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து
ஜீப்பின் பானெட்டில் வைத்து
பால்பாயிண்டால் வரைந்தார், அவசரமே இல்லாமல்,
இருபத்துமூன்று பேர் வரிசையில் நிற்க.
நாலு காலும் ஒரே பக்கம்.
வால் இருந்தது, காது அதைவிட நீளம்.

எனக்குப் பின்னால் நின்றவன்
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
மெல்லச் சொன்னான்,
"கழுதை, அண்ணே."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் ஐடி கேட்டார்.
கொடுத்தேன். முகத்தையும் படத்தையும்
மாற்றி மாற்றிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.
ஏசி அவர் சட்டைப் பையில் போய்விட்டது.
அடுத்து, என்றார்.

அடுத்தவனிடம் ஐடி இல்லை.
அதே கை, அதே டார்ச்.
வேனின் கம்பிவலைக்குள்ளிருந்து
அவன் என்னைப் பார்த்தானா என்று சொல்லமுடியாது,
உள்ளே விளக்கு இல்லை.
பஸ் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை தாளைப் பெஞ்சில் விரித்தேன்.
சட்டப்படி செல்லாது என்றான் டம்பர்.
அளவுக்கு வெட்டினால் கால் போகும்.
வில்லை வெட்டுகிற கை எனக்கு,
அரை மில்லி தப்பாது,
இதை வெட்ட வரவில்லை.
மறுபக்கம் அச்சடித்த கோடுகள்
பெயர், குற்றம், தொகை என்று இருக்கும் என்றாள்
கொஞ்சம் அரபி வாசிக்கிற மாரிவிக்.
எல்லாம் காலி.

இரண்டு மீன் தருகிறேன், கொடு, என்றாள்.
தலையாட்டினேன், இல்லையென்று.
சரி, ஆடா ஒட்டகமா, அதையாவது சொல்.
கழுதை, என்றேன்.
யார் சொன்னது?

பேர் கேட்டுக்கொள்ளவில்லை.