உவர் தரிசு

புல எண் நூற்றுப் பதினேழு.
வகைப்பாடு: உவர் தரிசு.
குறிப்பு: பயன் ஏதுமில்லை.
பென்சிலில் யாரோ எழுதியதை
இன்னொருவர் மையால் அழுத்தியிருக்கிறார்.

வி.கோட்டாவுக்குத் தெற்கே
ஆந்திரம் முடிகிற கல்லுக்கும்
அதைப் பார்க்காமலே தாண்டிப்போகும் ஆட்டு மந்தைக்கும் நடுவில்
முக்காலியில் கருவியை நிறுத்திவிட்டு
செயற்கைக்கோளுக்காகக் காத்திருந்தேன்.
பதினொரு மணி.
தண்ணீர் கேன் சூடாகிவிட்டது.

மனுதாரர் வந்தாள்.
முனிகங்கம்மா, வயது நாற்பத்தொன்று.
பெங்களூரில் ஓட்டல் படுக்கைவிரிப்பு வெளுக்கிற கம்பெனி,
ரெண்டு நாள் லீவு.
மனுவில் ஒரே வரி:
ஏழு வீட்டார் முதலில் வந்தார்கள்,
ஊர் நாங்கள் வந்த பிறகுதான் வந்தது.

தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்தாள்.
இங்கே எல்லாரும் அப்படித்தான்,
வாக்கியம் பாதியில் எல்லை தாண்டும்.

தாது வருஷத்துப் பஞ்சம் ஓய்ந்த கையோடு
ஆம்பூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தது
ஏழு குடும்பம், நாலு ஏர், எலும்பெண்ணக்கூடிய மாடுகள்.
காட்டை எரித்தார்கள்.
சாம்பல் சூட்டில் ராகி விதைத்தார்கள்.
யானை தின்றது போக மிச்சம் இருந்தது.
மண்ணைக் கூட்டிக் கரை போட்டு
ஏரி என்று பேர் வைத்தார்கள்,
மூன்றாம் வருஷம் அது நிஜமாகவே ஏரியானது.

ஆனாலும் பெண் கொடுக்க ஆளில்லை.
"வண்ணான் இல்லாத இடத்துக்குப் பேரு ஊரா? பட்டி"
என்று சொல்லிவிட்டு
பேரணாம்பட்டுச் சம்பந்தக்காரர்
வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனார்.
பிள்ளை பெற்ற வீட்டுத் துணி
பானையில் கிடந்து நாறியது.
கூளப்பன் செத்தபோது
நடைமாற்று விரிக்க யாருமில்லை,
வெறுந்தரையில் நடந்துதான்
தூக்கிப் போனார்கள்.
அதை இன்றைக்கும்
அந்த வீட்டில் சொல்லமாட்டார்கள்.

வேடியப்பன் பலமனேருக்கு நடந்தான்.
ஒரு மூட்டை ராகியும் கிடாயும் கொடுத்து
கெங்குலுவையும் அவள் புருஷனையும்
கழுதையோடு கூட்டிவந்தான்.
கழனியைக் காட்டினார்கள். பேசவில்லை.
ஏரியைக் காட்டினார்கள். ம், என்றாள்.
கீழண்டையில்
எள்கூட முளைக்காமல் வெள்ளை பூத்துக் கிடந்ததை
வெட்கத்தோடு வேகமாகத் தாண்டப் பார்த்தார்கள்.
அங்கேதான் அவள் உட்கார்ந்தாள்.
விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.
துப்பினாள்.
"ஈட உண்ட்டாம்."

அன்று ராத்திரி ஏழு வீட்டிலும்
அழுக்கு மூட்டை கட்டினார்கள்.
அடுத்த தையில் மூன்று கல்யாணம்.

செட்டில்மெண்ட் அதிகாரி அதற்கப்புறம் வந்தார்,
கூடாரமும் கோழிக்கூண்டுமாக.
சங்கிலி பிடித்து அளந்து
ஏழு பேருக்குப் பட்டா எழுதினார்.
கெங்குலு அந்நேரம் ஏரிக்கரையில்
அவருடைய கால்சராயைத்
துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆதாரம் ஏதாவது?" என்றேன்.
தப்பான கேள்வியில்லை,
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.

முனிகங்கம்மா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
குனிந்து ஒரு பிடி அள்ளினாள்.
பஸ் டிக்கெட்டுகள் வைத்திருந்த தாளை உதறி
மிட்டாய்க்கடைக்காரர் மாதிரி பொட்டலம் மடித்து
மனுவின்மேல் வைத்தாள்.

"செம்மண்ணுக்கு வந்தவங்களுக்குச் செம்மண்ண எழுதினீங்க.
நாங்க வெள்ளைக்கு வந்தவங்க."

கருவி கீச்சென்றது. கோள் கிடைத்துவிட்டது.
அட்சம், தீர்க்கம், தசமத்துக்குப் பின் எட்டு இலக்கம்.
இணைப்பு: ஒன்று, என்று எழுதினேன்.
என்ன இணைப்பு என்று எழுதவில்லை.

மண்டல அலுவலகத்தில் கோப்பு
ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது.
திரும்பி வந்தபோது உத்தரவு இல்லை,
மறுப்பும் இல்லை.
சிவப்பு நாடா மட்டும்
பொட்டலம் பட்ட இடத்தில்
சுத்தமாக வெளுத்திருந்தது.