பூச்சியம் புள்ளி பூச்சியம்

காலை எட்டரை.
அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸ் பின்புறம்
முள்வேலிக்குள் முழங்கால் உயரத்தில் மழைமானி.
பூட்டைத் திறந்து, புனலைக் கழற்றி,
உள்ளிருக்கும் பாட்டிலைச் சாய்த்தால்
மாசியிலிருந்து ஒரே பதில்தான்:
பூச்சியம் புள்ளி பூச்சியம்.
இல்லாததையும் அளந்து பார்த்துத்தான்
இல்லையென்று எழுத வேண்டும்.
விதி அப்படி.

பங்குனியில் புனல் நிறைய வேப்பம்பூ.
சித்திரையில் ஒரு சிலந்தி
அதன் வாய்க்குக் குறுக்கே வலை கட்டியது.
ஒன்பது நாள் கலைக்காமல் விட்டேன்.
கணக்கு ஒன்றும் கெடவில்லை.

எட்டு நாற்பதுக்கு வெள்ளாங்குழியிலிருந்து
ஆறுமுகநயினார் போன் பண்ணுவார்.
"எத்தன மில்லி, யம்மா?"
வெயில் அவர் தலைமேலும்தான் நிற்கிறது.
இருந்தாலும்
சர்க்கார் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு.

போன ஐப்பசியில்,
கொண்டல் திரும்பிய மூன்றாம் ராத்திரி,
பாட்டில் நிரம்பி, வெளி உருளையும் நிரம்பி,
குவளையில் இருபது இருபதாக
அளந்து அளந்து கீழே ஊற்றினேன்,
குடைபிடிக்க ஆளில்லாமல்.
எட்டாவதா ஒன்பதாவதா தெரியவில்லை,
ஆற்றங்கரைத் தெருவில் யாரோ யாரையோ
பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தத்தில்
கை தவறிப் பாதி சிந்திவிட்டது.
நூற்று எழுபத்தாறு என்று எழுதினேன்.
அந்த ஆறு
வானத்துடையது அல்ல, என்னுடையது.
சாயங்காலச் செய்தியில் அதுவும் சேர்ந்தே ஓடியது.

அன்றைக்கு நயினார் போன் பண்ணவில்லை.
நாற்றோடு வரப்பும் போயிருந்தது.

மார்கழியில் பாட்டிலின் அடியில்
பனி கொஞ்சம் தேங்கும்.
பனி மழையில் சேராது, கொட்டு என்றார்கள்.
வேலியோரத் தும்பைக்குக் கொட்டினேன்.
அது சேர்த்துக்கொண்டது.

இன்று வைகாசி இருபத்தெட்டு.
விடியும்போதே வாழையிலைகள்
கிழக்குப் பக்கமாகக் கிழிந்து கிடந்தன.
மேற்கே மலையைக் காணோம்.
மேகாத்தில்
நனைந்த மலைப்புல்லின் வாசம்,
கூடவே யார் வீட்டுச் சாணியோ.
புனலின் பித்தளை விளிம்பைத் தடவினேன்.
விரல் ஈரம்.
பாட்டிலைக் கவிழ்த்தேன்:
ஒரு சொட்டு
கழுத்துவரை வந்து
விழ மனமில்லாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டது.
குவளையின் முதல் கோட்டை எட்ட
அதுபோல் இன்னும் எத்தனையோ வேண்டும்.
எழுதினேன்:
பூச்சியம் புள்ளி பூச்சியம்.

எட்டு நாற்பது.
"எத்தன மில்லி, யம்மா?"
"பூச்சியந்தான் அண்ணாச்சி."
பிறகு, பதிவேட்டை மூடிவிட்டு:
"கை நனைஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
காற்று மட்டும் இரைந்தது.
போனை வைக்காமலே
யாரையோ அதட்டினார்:
"ஏல, வெதநெல்ல ஊறப்போடு."