எழுபத்தொரு கிலோ

குர்லா பிளாட்பாரத்தில்
சிவப்பு பல்பு சுற்றும் எடை எந்திரம் இருந்தது.
காசு போட்டால் தடித்த அட்டை விழும்,
ஒரு பக்கம் கிலோ, மறுபக்கம் ஜோசியம்.
எண்பத்துநாலு ஆகஸ்டு: எழுபத்தொன்று.
‘நண்பரால் லாபம்.’
லாபம் வரவில்லை. எழுபத்தொன்று மட்டும்
நாற்பது வருஷம் கூடவே இருந்தது.

துறைமுகக் கணக்குப் பிரிவில்
கோர்காவ்கர் ஊதினார், சவரிராயன் வற்றினான்.
நான் அப்படியே.
பெல்ட்டில்தான் இரண்டு ஓட்டை தள்ளிப்போனது.
“உங்களுக்கென்ன, கல்லு மாதிரி” என்பாள் அமலோற்பவம்.

போன மாதம் முலுண்டில் மகள் வீட்டிலிருந்து திரும்புகையில்
ஸ்லோ வண்டி, ஜன்னலோரம்.
குர்லா தாண்டியதும் எழுந்தேன்.
எழுந்தேன் என்று நான்தான் நினைத்தேன்,
தொடை நினைக்கவில்லை.
இரண்டாம் முறை எதிர்சீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்தேன்.
மூன்றாம் முறை நின்றபோது
சயான் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.
மாட்டுங்காவில் இறங்கி
வேண்டுமென்றே வந்தவன் போல
ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் மிருணாள் என்ற பெண்
தையல்காரர் மாதிரி கெண்டைக்காலை டேப்பால் சுற்றினாள்.
ஒரு பிடியைக் கொடுத்து நசுக்கச் சொன்னாள்.
“முழு பலம், காகா.”
“முழு பலம்தாம்மா இது.”
கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து
ஐந்து தடவை எழச் சொன்னாள்.
இருபத்தொன்பது நொடி.
சயானில் வண்டி அவ்வளவு நேரம் நிற்காது.

வெறுங்காலோடு ஏறிய எந்திரம்
எழுபத்தொன்று என்றது. அப்பாடா என்றேன்.
அப்புறம் காகிதம் வந்தது.

அதே முகவரி, அதே பெயர்ப்பலகை.
விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் மட்டும்
ஒவ்வொரு அறையாக, சத்தமில்லாமல்
காலி செய்துவிட்டார்கள்.
அந்த அறைகளில் தூங்குகிறவர்கள் குடிவந்திருக்கிறார்கள்.
வயிற்றுத் தளத்தில் நெரிசல்,
ஈரல் வரை பாய் விரித்திருக்கிறார்கள்.
சர்க்கரை வந்து கதவு கதவாகத் தட்டுகிறது.
கையெழுத்துப் போட்டு வாங்க ஆளில்லை.
தெருவிலேயே நிற்கிறது,
நூற்றெண்பத்திரண்டாக.

கூட்டுத்தொகை பொருந்தினால் உள்ளே தோண்டாத
எத்தனை ஆடிட்டர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

“ராத்திரி பட்டினி கிடக்கட்டுமா?” என்றேன்.
“வேண்டவே வேண்டாம், இருக்கிறதும் போயிடும்.”
பயறு, முட்டை, வேர்க்கடலை.
இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்க வேண்டும்.
பிறகு நாற்காலி, சுவரோடு சேர்த்துப் போட்டு.

அமலோற்பவம் எண்ணுகிறாள்.
ஏழில் கை தானாக மேசைக்குப் போகும்,
கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள்.

இன்று என்ன தோன்றியதோ,
“நகருங்க, நானும் பார்க்கிறேன்” என்று உட்கார்ந்தாள்.
ஒன்று எழுந்தாள். இரண்டு எழுந்தாள்.
பிறகு உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி
தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
யாருடையவை என்பது போல.

உள்ளே பால் பொங்கும் சத்தம்.
நான் கட்டிலில், அவள் நாற்காலியில்.

“மூணு” என்றேன்.