இடது ஓரம்

கையெழுத்துப் போட
பேனா மூடியைக் கழற்றிவிட்டார் டாக்டர்.
"பார்வைக்கு ஒண்ணும் இல்லியே, சிஸ்டர்?"
சுவரில் எழுத்து அட்டை.
கடைசி வரியில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது.
அது பல்லி என்பது வரை எனக்குத் தெரிந்தது.

முப்பத்தொரு வருஷம்
காஷுவாலிட்டியில் ராத்திரி வேலை பார்த்தவள் நான்.
பார்க்காமல் போட்ட கையெழுத்துகள்
எந்தக் கட்டிலில் வந்து படுக்கும் என்று அறிவேன்.
இடித்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள்.
பத்தொன்பது வயசும் சொல்லும், எழுபதும் சொல்லும்,
டெம்போக்காரரும் சொல்வார், போதகரும் சொல்வார்:
"திடீர்னு வந்துட்டான்."
ரிஜிஸ்தரில் அப்படியே எழுதிக்கொள்வேன்.

"பாத்துட்டுப் போடுங்க, டாக்டர்."

கொஞ்சம் எரிச்சலோடுதான் விரலை ஆட்டினார்.
வலது பக்கம், விரல் புறப்பட்டதுமே கண்டேன்.
இடது பக்கம்
புறப்பட்டதையே காணோம்.
மூக்குக்கு நேராக வந்து நின்றது,
முடுக்கில் இருந்து குதித்த ஆடு மாதிரி.

அவர் பேனாவை மூடினார்.

அப்போதுதான் அந்த மீன்காரன் ஞாபகத்துக்கு வந்தான்.
போன மாசம், அழகியமண்டபம் முக்கில்,
குளச்சல் மீன்பெட்டி கட்டிய எக்செல்
என் கதவை உரசிச் சாய்ந்தது.
ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஓடியது. நாலைந்து சாளை
வெயிலைப் பார்த்துக் கிடந்தன.
கண்ணாடியை இறக்கி, ஜங்ஷனே கேட்கக் கத்தினேன்:
"ஒனக்க கண்ணு எங்க லே கெடக்கு?"
ஒன்றும் சொல்லாமல் சாளையைப் பொறுக்கினான்.

அவன் எங்கிருந்தும் வந்து விழவில்லை.
அங்கேயேதான் இருந்திருக்கிறான்,
எனக்கு இல்லாமல் போயிருந்த இடது ஓரத்தில்.

ராத்திரி மஸ்கட்டில் இருந்து பெனட்.
"அறுபத்தெட்டு ஆச்சு. கார வித்திருங்கம்மா."
அவன் குரலுக்குப் பின்னால்
டிக் டிக் டிக் டிக்.
சிக்னல் போட்டுத் திரும்புகிறான், பயல்.
"எத்தன கிலோமீட்டர் வேகத்தில
எனக்க வயசப் பத்திப் பேசுத?"
டிக் டிக்.
நானே போனை வைத்தேன்.

நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போனேன். இடது ஜன்னல்.
கார் தக்கலையில், உறை போட்டபடி.
பதினாறு வருஷம் ஓட்டிய ரோடு.
அதன் ஓரத்தில் இத்தனை பேர் நடக்கிறார்கள் என்று
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
வில்லுக்குறியில், குடை மறுபக்கம் மடங்கி
அதோடு மல்லுக்கட்டும் பெண்.
கேரியரில் ஏத்தங்குலையைக் குறுக்கே கட்டிய சைக்கிள்.
சுங்கான்கடை தாண்டி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி
யூனிபார்ம் பாவாடையைப் பிழியும் ஒரு சின்னவள்.
ஒவ்வொருவருக்கும்
என் வலது கால் பஸ்ஸின் தரையில் பிரேக் மிதித்தது.
பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள்,
"கால் வலியா?"

வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள்.
"நடுவுல மட்டும் பாருங்க.
வெளிச்சம் தெரிஞ்சா அமுக்குங்க."
கையில் ஒரு பொத்தான்.
தெரிந்தது, அமுக்கினேன்.
தெரிந்தது.
பிறகு வெகு நேரம்
மெஷின் மட்டும் க்ளிக், க்ளிக் என்றது.

எங்கோ ஒரு வெளிச்சம் வந்து போகிறது.
சத்தத்துக்கே அமுக்கிவிடலாம்.
இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது.
லைசென்ஸில் இன்னும் சில வருஷம் ஏறும்.

க்ளிக்.

சாளை பொறுக்கியவன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான்.

பெருவிரலைப் பொத்தானில் இருந்து எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.

க்ளிக்.