மூன்றாம் பகுதி

நவம்பரில் வர்கவுஸ் நகரத்துக்கு
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
பனி ஒட்டிய காலணிமேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டி,
அக்கார்டியனை நெஞ்சில் கட்டிக்கொண்டு
முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்
வியாழன்தோறும் உட்காருவேன்.
முப்பத்தைந்து யூரோ, ஒரு காப்பி, படிவத்தில் ஒரு கையெழுத்து.

கேட்க வருபவர்கள் பதினொரு பேர்.
நாலு பேர் முதல் பாட்டிலேயே தூங்கிவிடுவார்கள்.
அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளப்
பழகிவிட்டேன்.
லெம்பி கைப்பையைத் திறப்பார், மூடுவார், திறப்பார்.
கொக்கியின் சத்தம்
என் தாளத்துக்கு அரைத் தட்டு முந்தி விழும்.

அப்புறம் எல்மெரி.
மர அறுவை ஆலையில் நாற்பது வருடம்.
இரண்டு விரல்கள் அங்கேயே தங்கிவிட்டன,
குரல் மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது.

முதல் வால்ட்ஸ். முதல் பகுதி, இரண்டாம் பகுதி.
மூன்றாவதற்காகத் துருத்தியை நான் விரிக்கும்போது
ரம்பத்தின் இரைச்சலை மீறி எழுவதுபோல்
ஒரு கத்தல்:
"போதும்!"

போதும் என்றால் போதும்தானே.
துருத்தியை மடித்து வேறு பாட்டுக்குத் தாவுவேன்.
அடுத்த வாரமும் அதே இடத்தில் போதும்.
அதற்கடுத்த வாரமும்.

ஏழு மாதம்.
வீடு திரும்பும் வழியில் அவருக்காக ஒரு கதை கட்டினேன்:
ஏரிக்கரை நடன மேடை, கோடை இரவு,
மூன்றாம் பகுதியில் கையை உதறி
வேறொருவனோடு போய்விட்ட ஒருத்தி.
அவளுக்கு மஞ்சள் சட்டைகூடப் போட்டுவிட்டேன்.
ஒருநாள் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி
அவருக்காகக் கொஞ்சம் அழுதேன்.

போன வியாழன் காப்பி ஊற்றும் மர்யுக்காவுக்குக் காய்ச்சல்.
புதுப் பையன் ஏலக்காய் பன் மட்டும் கொண்டுவந்தான்.
பால் இருக்கும் இடம் தெரியாமல்
சமையலறையில் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தான்.

இரண்டாம் பகுதி முடிந்தது.
நிறுத்தத் தயாராகக் காத்திருந்தேன்.
எல்மெரி பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வேறு வழியில்லாமல் மூன்றாம் பகுதிக்குள் போனேன்.
விரல்களுக்குப் பாதி மறந்திருந்தது.
இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன்போல்
தடவித் தடவி
கடைசிச் சுரத்தில் கால் வைத்தேன்.

அப்போதுதான் பையன் ஜாடியோடு வந்தான்.
எல்மெரியின் கோப்பையில் பாலைச் சாய்த்தான்.

"போதும்!"

"அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது,
அதனால்தான் இந்தக் கத்தல்" என்றான்,
என் முகத்தைப் பார்த்துவிட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சள் சட்டைக்காரி
எங்கே போவாள் என்றும் தெரியவில்லை.

கூடத்தில் கொக்கிச் சத்தம் நின்றிருந்தது.
லெம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்,
திருடனைப் பிடித்துவிட்டவர்போல.

"இதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய்?"

கேட்டுவிட்டு,
கைப்பையைத் திறந்து
உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.