ஒலிநாடா எண் 41

ஜெனோவா காவல் தலைமையகம், மூன்றாம் மாடி.
எனக்கு ஒரு தட்டச்சு மெஷின், கறுப்பு ஹெட்போன்,
மிதித்தால் பின்னோக்கி ஓடும் டேப்.
அவன் முகத்தைப் பார்த்ததில்லை நான்.
பிளாஸ்திரி போட்டு ஒட்டிய மைக் வழியே
பதினோரு மாதமாய்
அவன் சட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

கோப்பில் எர்மெஸ், சப்-இன்ஸ்பெக்டர்.
துறைமுகத்தில் இவானோ,
கிரேன் ஓட்டத் தெரிந்தவன்,
சவோனா சிறையில் இரண்டு வருஷம் கிடந்ததாய்ச் சொல்லிக்கொள்பவன்.
இரண்டு பேருக்கும் ஒரே இருமல்.

விதி எளிது.
கேட்டதை மட்டும் அடி.
பேசுகிறவன் பெயர் இடது ஓரத்தில்:
கைதாகும் நிமிஷம்வரை இவானோ,
அதற்கப்புறம் எர்மெஸ்.

முதல் மாதங்களில்
ஒலிந்தோ ஏதாவது ஜோக் அடிப்பான்.
கும்பல் சிரித்து
அரை விநாடி கழித்து இவன் சிரிப்பான்.
அந்த அரை விநாடிதான் போலீஸ்.

ஏழாம் மாதம், மார்ச்.
கிடங்கின் தகரக் கூரைமேல் மழை.
ஒலிந்தோ அடுப்பில் கடலைமாவு அடை சுடுகிறான்.
'உப்புப் போட்டேனா?'
'போட்டாய். ரெண்டு தடவை.'
'அப்போ இதைச் சுங்க அதிகாரிக்கு எடுத்து வை.'

எல்லோருக்கும் முன்னால்
இவன் சிரித்தான்.
மூச்சு முட்டி, இருமல் வந்து,
மேஜையில் அறைந்து அறைந்து.
பெடலை மிதித்தேன். திரும்பக் கேட்டேன்.
நாலாம் தடவை நானும் சிரித்துவிட,
எதிர் மேஜை ஃபியோரென்சா நிமிர்ந்து பார்த்தாள்.

காகிதத்தில் அடித்தேன்:
மழைச் சத்தம். தெளிவில்லை.

இந்த வேலையில்
நான் சொன்ன ஒரே பொய் அது.

நாற்பத்தொன்று கடைசி டேப்.
விடிகாலை நாலு மணி. பூட்ஸ், விசில்,
இரும்புக் கதவு பிளக்கிற ஓசை.
ஒலிந்தோ கத்துகிறான்:
'இவானோ, ஓடு! பின்பக்கம் திறந்திருக்கு!'

தன் காலைப் பற்றி நினைக்கவில்லை அவன்.

அதன்பின் இருபத்திரண்டு விநாடி
யாரும் ஓடவில்லை.
துணி உரசல்கூட இல்லை.
விலங்கு பூட்டும் சத்தம் இன்னும் வரவில்லை,
அல்லது
வந்து, நான் தவறவிட்டேன்.

பிறகு ஒரு இருமல்.

ஃபியோரென்சா கோட்டை மாட்டிக்கொண்டு
விளக்கை அணைக்க நிற்கிறாள்.
'முடிச்சாச்சா நிவேஸ்?'

இடது ஓரம்.
விரல் முதலில் எ மேல்.
பிறகு இ மேல்.
ஒரே வரிசையில்தான் இருக்கின்றன இரண்டும்.